நிழல் என்று சொல்லிவிட முடியுமா?

ஆங்கிலப் பாடகர் ராபின் ஹிட்ச்காக்கை 'சிட் பாரெட்டின் நிழல்' என்று நான் படித்த ஒரு கட்டுரை ஒரே வரியில் முடித்துவிட்டது. பிங்க் ஃபிளாய்ட் ராக் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரான பாரெட்டின் தாக்கம் உண்டு, சரி. ஆனால் அவர் 1970-ல் இரண்டு தனி ஆல்பங்களோடு ஓய்ந்துவிட்டார். இவர் 1976-ல் கேம்பிரிட்ஜில் சாஃப்ட் பாய்ஸ் குழுவோடு தொடங்கி இன்னும் பாடுகிறார். ஆவேசமான பங்க் ராக் அலை அடித்த நேரத்தில் பூச்சியையும் மீனையும் பாடினால் யார் வாங்குவார்கள்? குழு கலைந்தது. 1984-ல் வந்த 'ஐ ஆஃப்டன் ட்ரீம் ஆஃப் ட்ரெயின்ஸ்' ஆல்பத்தில் டிரம்ஸே கிடையாது. எனக்கு அதுதான் உச்சம்.

அப்புறம், இயக்குநர் ஜோனதன் டெமி ஹிட்ச்காக்கை வைத்து எடுத்த 1998 கச்சேரிப் படத்தைக் கட்டுரை ஏன் விட்டது? நியூயார்க்கில் ஒரு காலிக் கடை. கண்ணாடிக்கு முதுகைக் காட்டிப் பாடுகிறார். பாட்டுக்கு நடுவே சம்பந்தமில்லாத கதை வேறு. பின்னால் தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு நடையைக் கட்டுகிறார்கள்.