கிளென் கூல்ட் பற்றி ஒரு திருத்தம்
ஆட்டிசமும் இசையும் பற்றிய உங்கள் கட்டுரையில், கனடா பியானோ கலைஞர் கிளென் கூல்டை ஆட்டிசம் உள்ளவர் என்று முடிவாகவே எழுதிவிட்டீர்கள், அது சரியில்லை. அவர் 1982-லேயே இறந்துவிட்டார். அப்பா செய்து கொடுத்த தாழ்வான நாற்காலி, வெயில் காலத்திலும் கையுறை, வாசிக்கும்போதே முனகுவது, 1964-க்குப் பிறகு மேடைக் கச்சேரியே வேண்டாம் என்றது, இதையெல்லாம் வைத்துப் பிற்பாடு மற்றவர்கள் ஊகித்ததுதான் அது. பாடகி சூசன் பாயில் கதை வேறு. பிறக்கும்போதே மூளையில் பாதிப்பு என்று சொல்லி வளர்க்கப்பட்டவர், தனக்கு இருப்பது ஆட்டிசத்தின் ஒரு வகையான ஆஸ்பெர்கர் என்று 2013-ல் அவரே வெளியில் சொன்னார். அப்போது வயது 52. இத்தனை வருடம் தப்பான பெயரைச் சுமந்திருக்கிறார், நினைத்தாலே மனசு கனக்கிறது.

என் அண்ணன் மகனுக்கும் ஆட்டிசம். பிரிட்ஜ் ஓடுகிற ரீங்காரம் எந்த ஸ்வரம் என்று கீபோர்டில் சட்டென்று தொட்டுக் காட்டுவான், ஆனால் ஒரு விழாவில் கைதட்டல் எழுந்ததும் காதைப் பொத்திக்கொண்டு மேடைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டான், யார் கூப்பிட்டும் வரவில்லை. அப்புறம் இன்னொரு தடவை, தட்டாமல் கையை மட்டும் அசையுங்கள் என்று எல்லோரிடமும் முன்கூட்டியே சொல்லிவைத்தோம். மூன்று பாட்டு முழுசாக வாசித்தான், இறங்கவே மனசில்லை அவனுக்கு.