அஞ்சு பேரும் டூயலிஸ்ட் என்றால் ஸ்மோக் யார் போடுவது?

ஐந்துக்கு ஐந்து பேர் மோதும் துப்பாக்கி விளையாட்டான வேலரண்டின் ரேங்க்ட் (தரவரிசை) மேட்சில், ஏஜென்ட் எனும் பாத்திரத்தைத் தேர்ந்தெடுக்கும் திரை வந்த அடுத்த நொடியே, முதலில் பாய்ந்து சண்டை போடும் டூயலிஸ்ட்டான ஜெட்டை லாக் செய்கிறீர்களே, என்ன மேப் என்றாவது பார்த்தீர்களா? கூட ஆடப்போகும் நான்கு பேர் யார் யாரை எடுக்க நினைக்கிறார்கள் என்று பார்த்தீர்களா? எதுவும் கிடையாது. டக்கென்று ஒரு லாக். உடனே இன்னொருத்தர் ரெய்னா. ரெண்டும் போய்விட்டதே என்ற கடுப்பில் மூன்றாவது ஆள் ரேஸ். நான்காவது ஆளும் இன்னொரு டூயலிஸ்ட்டான ஃபீனிக்ஸை எடுத்து வைத்துக்கொண்டு மைக்கில் வருகிறார்: "ப்ரோ, ஸ்மோக் எடுங்க ப்ரோ." எதிரியின் கண்ணை மறைக்கப் புகை போடும் ஏஜென்டை எடுக்க வேண்டுமாம். யாரிடம் சொல்கிறார்? மற்றவர்கள் என்ன எடுக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று காத்திருந்த என்னிடம்.

ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பது இதுதான். கடைசியாக லாக் செய்கிறவன் தலையில் ஸ்மோக்கும் விழும், அதோடு மேட்ச் முழுக்கத் திட்டும் விழும்.

இந்த விளையாட்டில் டூயலிஸ்ட், கன்ட்ரோலர், சென்டினல், இனிஷியேட்டர் என்று நாலு வகை இருப்பது அழகுக்காக இல்லை. ஒரே அணியில் ஒரே ஏஜென்டை ரெண்டு பேர் எடுக்க முடியாது என்று வைத்திருப்பதும் சும்மா இல்லை. ஆளுக்கொரு வேலை இருக்கிறது. ஓமன், பிரிம்ஸ்டோன் போன்ற கன்ட்ரோலர் எதிரியின் பார்வையை அடைக்க வேண்டும். சோவா போன்ற இனிஷியேட்டர் உள்ளே யார் எங்கே ஒளிந்திருக்கிறார் என்று காட்ட வேண்டும். கில்ஜாய், சைஃபர் போன்ற சென்டினல் இருந்தால் முதுகுப் பக்கம் பாதுகாப்பு. அப்புறம்தான் டூயலிஸ்ட் முதல் ஆளாக உள்ளே பாய முடியும். இதில் ஒரு வேலைக்கு ஆள் இல்லாவிட்டாலும் மற்ற வேலைகள் எல்லாம் தடுமாறும்.

அசென்ட் மேப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏ மெயின் என்ற பாதை வழியாக, ஸ்பைக் எனும் குண்டை வைக்கும் இடமான சைட்டுக்குள் போக வேண்டும். வாசலைத் தாண்டி ஒரு அடி வைத்தால் மேலே ஹெவனிலிருந்து ஒருத்தன் பார்ப்பான், அந்தப் பக்கம் ட்ரீயிலிருந்து இன்னொருத்தன் பார்ப்பான், ஜெனரேட்டருக்குப் பின்னால் மூன்றாவது ஆள் வேறு காத்திருப்பான். ஹெவனுக்கு ஒரு ஸ்மோக், ட்ரீக்கு ஒரு ஸ்மோக் போட்டால் எதிரே மிச்சம் இருப்பது ஒருத்தன்தான். ஓமனின் ஸ்மோக் 15 நொடி நிற்கும். அந்த 15 நொடிக்குள் சைட்டுக்குள் இறங்கிவிட வேண்டும். ஸ்பைக்கை வைக்க 4 நொடி. கணக்குப் போட்டால் தாராளமாக நேரம் இருக்கிறது.

நடப்பது என்ன? நான் ரெண்டு ஸ்மோக்கும் போட்டுவிட்டு "கோ, கோ" என்று கத்துகிறேன். முதல் ஆளாகப் பாய வேண்டிய ஜெட் எங்கே இருக்கிறார்? 4,700 கிரெடிட் கொடுத்து வாங்கிய ஆபரேட்டர் ஸ்னைப்பர் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு எல்லோருக்கும் பின்னால் நிற்கிறார். ஜெட்டிடம் டேஷ் என்ற பாய்ச்சல் திறன் இருப்பதே இந்த மாதிரி இடத்தில் உள்ளே பாய்வதற்குத்தான். அது கடைசிவரை கையிலேயே இருக்கிறது. ஸ்மோக் கலைகிறது. மறுபடி போட ஸ்மோக் திரும்பிவரக் காத்திருக்க வேண்டும். ரவுண்டே 100 நொடிதான். கடைசியில் ஓமனை எடுத்த நானே முதல் ஆளாக உள்ளே ஓடிச் சாகிறேன். உடனே மைக்கில், "ஓமன் என்னடா பண்றான்?"

அந்தக் கேள்வியைக் கேட்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

ரெய்னாவை எடுக்கிறவர்கள் கதை இன்னும் மோசம். அவர் ரத்தத்தை ஏற்றிக்கொள்வதும், யாராலும் தொட முடியாமல் தப்பி ஓடுவதும் ஒரு கொலைக்குப் பிறகுதான் கிடைக்கும். கிடைத்தாலும் அது அவருக்கு மட்டும்தான். எதிரியின் கண்ணை மறைக்கும் அந்த ஒரு திறனைத் தவிர அணிக்கு அவரால் வேறு உதவி கிடையாது. நன்றாகச் சுடுகிற நாளில் சரி. சுட வராத நாளில் நான்கு பேரை வைத்துக்கொண்டு ஐந்து பேரோடு மோதுவதாகத்தான் அர்த்தம். அதைத் தெரிந்தும் மூன்று ரவுண்டு தோற்றதும் டீமைத் திட்டிவிட்டு மைக்கை அணைத்துக்கொள்கிறவரை என்ன சொல்வது?

இதற்கெல்லாம் வேர் அந்த ஸ்கோர் பலகை. கொலையும் டேமேஜும்தான் அங்கே பெயரை மேலே ஏற்றுகின்றன. ஹெவனை அடைத்ததால் உயிர் பிழைத்த மூன்று பேருக்கு அதில் கட்டம் கிடையாது. எதிரி ஸ்பைக்கைச் செயலிழக்க வைக்க 7 நொடி உட்கார்ந்தே ஆக வேண்டும் என்று தெரிந்து, பொறுமையாக நேரத்தைக் கடத்தி ஜெயித்துக் கொடுத்தவருக்கும் கட்டம் கிடையாது. ஆனால் ரேங்க் ஏறுவதும் இறங்குவதும் பெரும்பாலும் மேட்ச் ஜெயித்தோமா தோற்றோமா என்பதைப் பொறுத்தது. பலகையில் முதல் பெயராக நின்றுகொண்டு 13க்கு 5 என்று தோற்கிறவர் எதைச் சாதித்தார்?

"புரோ பிளேயர்களே டூயலிஸ்ட்தானே ஆடுறாங்க" என்று ஒரு பதில் தயாராக வைத்திருப்பார்கள். எந்த அணியைப் பார்த்துச் சொல்கிறார்கள்? 2023இல் சாவ் பாலோவிலும் அடுத்து டோக்கியோ மாஸ்டர்ஸிலும் கோப்பையை வாங்கிய ஃபெனாடிக் அணியில் டெர்க் ஜெட் எடுத்தார் என்றால் மற்ற நாலு பேர் அவருக்கு வழி செய்து கொடுத்தார்கள். அந்த அணியின் அப்போதைய கேப்டன் போஸ்டர், ஸ்மோக் போட்டவர். கண்மூடித்தனமாகப் பாய்கிறார்கள் என்று பெயர் வாங்கிய பேப்பர் ரெக்ஸ் அணி அதே ஆண்டு சாம்பியன்ஸ் இறுதிப் போட்டிவரை போனது. அங்கேயும் மைண்ட்ஃப்ரீக் உட்கார்ந்து ஸ்மோக்கைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அவர்கள் பாய்வது மட்டும் கண்ணுக்குத் தெரிகிறது, பாயவிட்டவர் தெரியவில்லை.

"அப்போ நண்பர்களோட ஆடு" என்பது அடுத்த உபதேசம். ஆடலாமே! ஒருத்தருக்கு நைட் ஷிஃப்ட், ஒருத்தர் வீட்டில் நெட் போய்விட்டது. கஷ்டப்பட்டு நாலு பேர் சேர்ந்தால் ரேங்க்டில் நாலு பேர் குழுவுக்கு அனுமதியே இல்லை. தனியாக வரும் ஐந்தாவது ஆளை நாலு பேரும் சேர்ந்து படுத்திவிடக் கூடாது என்பதற்காக வைத்த விதி, அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஐந்தாவது ஆள் கிடைக்காத ராத்திரியில் ஒரு நண்பனை வெளியே உட்கார வைத்துவிட்டு ஆட மனசு வருமா? அதனால் தனியாகப் போகிறோம். தனியாகப் போனால் முன்பின் தெரியாத நாலு பேர். மேட்ச் தொடங்கும் முன்பே டாட்ஜ் செய்து வெளியே வந்தால் ஆர்ஆர் என்ற ரேங்க் புள்ளி போகும், அடுத்த மேட்சுக்குக் காத்திருக்கவும் வேண்டும். தப்பு செய்தவருக்கு எந்தத் தண்டனையும் இல்லை.

ஓவர்வாட்ச் விளையாட்டு 2019இல் ரோல் கியூ கொண்டுவந்ததுபோல இங்கேயும் ஆளுக்கொரு வேலையை முன்கூட்டியே பூட்டிவிடலாம் என்கிறார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. பைண்ட் மேப்பில் வைப்பர், பிரிம்ஸ்டோன் என்று ரெண்டு கன்ட்ரோலரோடு ஆடினால் அதன் சுகமே தனி. மேப்புக்கு ஏற்ப அணியை மாற்றிக்கொள்ளும் சுதந்திரம்தான் இந்த விளையாட்டின் ருசி. பத்து நொடி பொறுத்து, "நான் ஸ்மோக் எடுக்கட்டுமா, இல்ல நீங்க எடுக்குறீங்களா?" என்று கேட்க முடியாத சிலருக்காக அதை ஏன் எல்லோரும் இழக்க வேண்டும்?

சும்மா சுட்டுத் தள்ளத்தான் ஆசையா? டெத்மேட்ச் இருக்கிறது, 40 கொலை எடுத்தால் முடிந்தது, ஸ்மோக்கும் இல்லை, சோவாவும் இல்லை, யாரிடமும் எதுவும் கேட்க வேண்டியதில்லை. டீம் டெத்மேட்சில் 100 கொலை. விடிய விடிய ஆடுங்கள், நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். ரேங்க்டுக்குள் வந்து ஜெட்டை லாக் செய்தால் மட்டும், நான் ஹெவனை அடைத்ததும் முதல் ஆளாக நீங்கள்தான் உள்ளே போக வேண்டும். முடியாதா? ஓமனை நீங்கள் எடுங்கள், ஜெட்டை என்னிடம் கொடுங்கள்.