இண்டிகேட்டர் போட்டால் மட்டும் போதாது

"இண்டிகேட்டர் போட்டாச்சுன்னா பின்னால வர்றவன்தான் பிரேக் பிடிக்கணும்" என்று, ஹைவேயில் ஏறுவதைப் பற்றி ஒருவர் எழுதியிருக்கிறார். தவறு. சர்வீஸ் ரோட்டிலிருந்து ஹைவேயில் ஏறுகிறவர்தான் வழிவிட வேண்டும். மெயின் ரோட்டில் வருபவருக்கே முன்னுரிமை. இண்டிகேட்டர் நம் எண்ணத்தைச் சொல்லும், உரிமை தராது.

கணக்கையும் பாருங்கள். நீங்கள் 20 கி.மீ. வேகத்தில் நுழைகிறீர்கள், பின்னால் லாரி 80-ல் வருகிறது. வேக வித்தியாசம் 60, அதனால் நடுவில் இருக்கும் 100 மீட்டர் ஆறே விநாடியில் காலி. லோடு ஏற்றிய லாரி நினைத்த இடத்தில் நிற்காது, ஓட்டுபவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும்.

அதனால் இணையும் பாதையிலேயே வேகத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். வலது கண்ணாடியோடு விடாமல் தலையையும் ஒருமுறை திருப்புங்கள். பைக் கண்ணாடியில் விழாத மூலையில் வரக்கூடும். இடைவெளி கிடைக்கவில்லையா, நின்றுவிடுங்கள். பின்னால் ஹாரன் அடிப்பவர் அடிக்கட்டும்.