சர்ச்சில் ஒரு வெள்ளிக் காசு, அதாவது ஒரு டாலர் காசு, உருண்டதற்கா இத்தனை முறைப்பு?

என் மகனுக்கு மூணு வயசு. மூணு வயசுப் பிள்ளை ஒன்றரை மணி நேரம் பெஞ்சில் அசையாம உட்காரணும்னு எதிர்பார்க்கிறவங்க பிள்ளை வளர்த்தவங்கதானா? காலையிலிருந்து வயிறு எரியுது எனக்கு.

சிங்கப்பூரில் பொங்கோலிலிருந்து வர்றோம். இட்லி ரெண்டு வாய்க்கு மேல இறங்கலை. ரயில் ஏறினதும் பசிக்குதுன்னு அழுகை. பையில் பிஸ்கட் இருந்தும் கொடுக்க முடியாது. ரயிலில் சாப்பிட்டா 500 வெள்ளி வரைக்கும் அபராதம். அந்தப் பசியோடதான் கோயிலுக்குள்ள வந்தான். அப்படியும் முதல் கீர்த்தனைக்குக் கைதட்டிப் பாடினான். வேதபாடம் வாசிச்சப்போ என் மடியில் அடங்கி உட்கார்ந்திருந்தான். அதை ஒருத்தரும் பார்க்கலை.

காணிக்கைக்கு அவன் கையில் ஒரு வெள்ளிக் காசு கொடுப்பேன். சுத்தித் தங்க நிற வளையம், நடுவில் மெர்லயன், அதான் சிங்கத் தலையும் மீன் உடம்பும். அவனுக்கு அது 'சிங்கக் காசு'. சனிக்கிழமை ராத்திரியே எடுத்து வெச்சுக்குவான். "அமைதியாக ஜெபிப்போம்"னு ஆயர் சொல்லி, சபையே அடங்கின நேரம் பார்த்துக் காசு கை நழுவிடுச்சு. விழுந்தது விழுந்த இடத்தில் கிடக்கக் கூடாதா? எழுந்து நின்னு உருளுது! முன் வரிசைக்கு அடியில் போய், நடுப்பாதையைத் தாண்டி, அந்தப் பக்கம் ஒரு ஆன்ட்டியோட செருப்பில் முட்டி, சுத்திச் சுத்திக் கணகணன்னு... எனக்கு வியர்த்துடுச்சு. அவங்க காலைத் தூக்கி அது மேலயே வெச்சுட்டாங்க. சத்தம் நிக்கட்டும்னு வெச்சிருக்கலாம். பிள்ளைக்கு அது எப்படித் தெரியும்? பெஞ்ச் மேல ஏறி நின்னான். "அம்மா! அந்தப் பாட்டி இயேசப்பா காசை எடுத்துட்டாங்க!"

பாடகர் குழு தோள் குலுங்கச் சிரிச்சது. ஆன்ட்டி திரும்பினாங்க. "பிள்ளையை அடக்கத் தெரியலைன்னா வீட்டிலேயே இருக்க வேண்டியதுதானே!" ஜெப நேரத்தில், அத்தனை பேர் காதிலும் விழுற மாதிரி. அவன் போட்டதை விட அது பெரிய சத்தம். உடனே ஒரு பிரதர் ஓடி வந்து, "சிஸ்டர், பின்னால கண்ணாடி அறை இருக்கு"ன்னார். இருக்கு. அடுக்கி வெச்ச பிளாஸ்டிக் நாற்காலி, கிறிஸ்துமஸ் குடில் பெட்டி, மாசக்கணக்கா ஊமையாக் கிடக்கிற ஸ்பீக்கர். பிரசங்கம் முழுக்க ஆயரோட கை அசையுறதை மட்டும் பார்த்துட்டு இருந்தோம்.

இதே ஆட்கள்தான் ஆராதனை முடிஞ்சு டீ குடிக்கும்போது, "இளம் பிள்ளைங்க எல்லாம் இங்கிலீஷ் ஆராதனைக்குப் போயிடுறாங்க, தமிழ் ஆராதனையில் நரைச்ச தலைதான் மிச்சம்"னு புலம்புறாங்க. பின்னே எப்படி இருக்கும்? பாலர் பள்ளியில் என் பிள்ளைக்கு நாள் பூரா இங்கிலீஷ். வீட்டுக்கு வெளியில இத்தனை பேர் சேர்ந்து தமிழில் பாடுறதை அவன் கேட்கிற ஒரே இடம் இதுதான். அதுக்காகத்தானே பக்கத்திலிருக்கிற சபையை விட்டுட்டு இவ்வளவு தூரம் தூக்கிட்டு வர்றேன்!

எருசலேம் தேவாலயத்தில் பிள்ளைங்க ஓசன்னான்னு ஆர்ப்பரிச்சப்போ கோபப்பட்டவங்க யாரு? பிரதான ஆசாரியர்களும் வேதபாரகரும். இயேசு பிள்ளைங்க பக்கம்தான் பேசினார். மத்தேயு 21, எடுத்துப் பாருங்க. குருத்தோலை ஞாயிறன்னைக்கு இதே பிள்ளைங்க கையில் ஓலையைக் கொடுத்து முன்னால நடக்க வைக்கிறீங்க. மத்த 51 ஞாயிறும் நாற்காலி அறையா?

கடைசியில் ஒரு தாத்தாதான் முட்டி போட்டு, பெஞ்சுக்கு அடியில் கையை விட்டுத் துழாவி, காசை எடுத்து அவன் கையில் கொடுத்தார். அவர் நல்லா இருக்கணும்.

அப்புறம் அந்த ஸ்டேஷன் லிஃப்ட்! படியேறத் தெம்புள்ள ஆறு பேர் கைப்பேசியில் தலையைக் கவிழ்த்தபடி உள்ளே. ஸ்ட்ரோலரோட நான் வெளியே. மூணு தடவை என் முகத்துக்கு நேரா கதவு மூடுச்சு. மூணாவது தடவைக்குள்ள சிங்கக் காசை இறுக்கிப் பிடிச்சபடி அவன் தூங்கியே போயிட்டான். நகர்ந்து நில்லுங்கப்பா, யாராவது ஒருத்தர் தலையையாவது நிமிர்த்திப் பாருங்க!