கருவிப் பட்டியலுக்கு முன் கால அட்டவணை

அரசுப் பள்ளிகளில் இணையவழிப் பாடத்தையும் வகுப்பறைப் பாடத்தையும் சேர்த்து நடத்தும் கலப்புக் கற்றல் திட்டங்களை வகுப்பதற்கான கூட்டங்கள் சிலவற்றில், ஆசிரியர் தரப்பிலிருந்து நான் கலந்துகொண்டிருக்கிறேன். எல்லாக் கூட்டங்களும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் நடந்தன. எத்தனை கைக்கணினிகள் வேண்டும், எந்த மென்பொருளை வாங்கலாம், இணைய இணைப்புக்கு யார் பொறுப்பு என்று பேசியே மதியம் ஆகிவிடும். பிற்பகலில் எல்லோரும் கிளம்பும் அவசரத்தில் இருக்கும்போது, ஆசிரியர்களைப் பற்றிய பகுதி "பயிற்சி" என்ற ஒற்றைச் சொல்லோடு முடிந்துபோகும். வாரத்தில் எந்தப் பாடவேளையில் இது நடக்கும், அந்தப் பாடவேளையில் இதுவரை நடந்துகொண்டிருந்த பாடம் எங்கே போகும், பிள்ளைகள் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் ஆசிரியர் என்ன செய்துகொண்டிருப்பார் என்ற மூன்று கேள்விகளையும் அங்கே யாரும் எழுப்பியதில்லை. என் கணக்கில் திட்டம் என்பதே இந்த மூன்றுக்கும் விடை எழுதுவதுதான். மற்றதெல்லாம் கொள்முதல்.

கடைசி பெஞ்சில் அமர்ந்து நான் பார்த்த ஓர் எட்டாம் வகுப்புக் கணிதப் பாடவேளையைச் சொல்கிறேன். மொத்தம் 40 நிமிடம். கைக்கணினி அலமாரியின் சாவி வந்து சேர 5 நிமிடம் ஆயிற்று. எடுத்துக் கொடுத்தவற்றில் சில சார்ஜ் இல்லாமல் கிடந்தன. கடவுச்சொல்லை மறந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து ஆசிரியரிடம் வர, அவர் ஒரு நோட்டைப் புரட்டிப் புரட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். பாடம் உண்மையில் தொடங்கியபோது பாதி நேரம் கரைந்திருந்தது. எனக்கு முன்னால் இருந்த மாணவி காணொளியை இரட்டை வேகத்தில் ஓடவிட்டுவிட்டு, வினாக்களுக்கு வந்ததும் முதல் விடையைத் தொட்டாள், தவறு, இரண்டாவதைத் தொட்டாள், தவறு, மூன்றாவது சரி. பத்து வினாக்களையும் இப்படியே தொட்டுத் தொட்டு முடித்ததும் திரையில் ஒரு நட்சத்திரம் பூத்தது. பின்னக் கூட்டலில் பகுதிகளை ஏன் சமப்படுத்துகிறோம் என்று கேட்டேன், சிரித்தாள். அன்று மாலை ஆசிரியரின் அறிக்கையில் அவள் பெயருக்கு நேரே பச்சை நிறம்தான் இருந்திருக்கும். அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அந்த மென்பொருள் கேட்டதை அவள் கொடுத்துவிட்டாள்.

கருவி வந்துவிட்டால் கற்றல் தானாக வந்துவிடும் என்ற நம்பிக்கைக்குப் பெரு நாடு ஏற்கெனவே விலை கொடுத்திருக்கிறது. ஒரு குழந்தைக்கு ஒரு மடிக்கணினி என்ற திட்டத்தில் அங்கே 8 லட்சத்துக்கும் அதிகமான மடிக்கணினிகள் வழங்கப்பட்டன. அமெரிக்க நாடுகளுக்கிடையிலான வளர்ச்சி வங்கியின் ஆய்வாளர்கள் 319 பள்ளிகளை வைத்து நடத்திய மதிப்பீடு 2012இல் வெளிவந்தது. மாணவர்கள் கணினியைப் பயன்படுத்துவது பெருமளவில் கூடியிருந்தது; கணிதத்திலும் மொழிப்பாடத்திலும் முன்னேற்றம் எதுவும் தென்படவில்லை.

அதற்காக இந்த முயற்சியே வீண் என்று நான் சொல்ல வரவில்லை. டெல்லியில் அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பள்ளி நேரத்துக்குப் பிறகு நடந்த, மைண்ட்ஸ்பார்க் என்ற கற்றல் மென்பொருளைப் பயன்படுத்தும் மையங்களைப் பற்றிய ஆய்வு 2019இல் வெளியானது. நாலரை மாதங்களிலேயே கணிதத்திலும் இந்தியிலும் தெளிவான முன்னேற்றத்தை அது காட்டியது. இதை மேற்கோள் காட்டுகிறவர்கள் பெரும்பாலும் மென்பொருளின் பெயரோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த மையங்களின் நேர அமைப்பு. 90 நிமிட அமர்வில் பாதி நேரம் மாணவர் கணினியின் முன். மீதி நேரம் சிறு குழுவாகப் பயிற்றுநர் ஒருவருடன். வகுப்பின் பாடநிலைக்குப் பல ஆண்டுகள் பின்தங்கியிருந்த பிள்ளைகளுக்கு, அவர்கள் உண்மையில் நிற்கும் இடத்திலிருந்து கணக்குகளை எடுத்துக் கொடுத்தது மென்பொருள். ஒரே ஆசிரியர் நாற்பது பேருக்கு நாற்பது நிலைகளில் பாடம் நடத்த முடியாது என்பதால், இயந்திரத்துக்கு அங்கே நியாயமான ஒரு வேலை இருந்தது. மெக்ஸிகோவில் 1968இல் தொடங்கிய தெலெசெகுந்தாரியா பள்ளிகளிலும் இதே நியாயம்தான்: பாடவாரியாக ஆசிரியர்கள் கிடைக்காத சிற்றூர்களுக்குப் பாடம் தொலைக்காட்சியில் வந்தது, ஆனால் வகுப்பில் ஓர் ஆசிரியர் கூடவே இருந்தார். இணையம் பிறப்பதற்கு முன்பே வந்த கலப்புக் கற்றல் என்று அதைச் சொல்லலாம்.

ஆசிரியர் நேரில் இல்லவே இல்லை என்றால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. அமெரிக்காவில் முழுநேர இணையவழி சார்ட்டர் பள்ளிகளை (அரசு நிதியில் தனி நிர்வாகத்தில் நடப்பவை) ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஆய்வு மையம் 2015இல் ஆராய்ந்தபோது, அம்மாணவர்கள் வழக்கமான அரசுப் பள்ளி மாணவர்களைவிடக் கணிதத்தில் 180 கற்றல் நாட்களுக்கு இணையான அளவு பின்தங்கியிருப்பதாகக் கண்டது. ஏறத்தாழ ஒரு கல்வியாண்டே அவ்வளவுதான். வாசிப்பில் 72 நாட்கள். நோயால் நீண்ட நாள் வர இயலாத மாணவருக்கும், தம் பள்ளியில் நடத்தப்படாத ஒரு பாடத்தை விரும்பும் மாணவருக்கும் முழு இணையவழி வகுப்பு ஒரு வரம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆசிரியர் பணியிடத்தை நிரப்பாமல் இருப்பதற்கு அதைச் சாக்காக்குவதைத்தான் ஏற்க முடியவில்லை.

பாடக் காணொளியை வீட்டில் பார்த்துவிட்டு வரச் சொல்லும் தலைகீழ் வகுப்பறை முறையைத் திட்டத்தில் சேர்ப்பவர்கள், 2020இல் யுனிசெஃபும் சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியமும் வெளியிட்ட கணக்கை ஒருமுறை பார்க்க வேண்டும்: உலகெங்கும் 3 முதல் 17 வயதுவரை உள்ளவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு, அதாவது 130 கோடிப் பேருக்கு, வீட்டில் இணைய இணைப்பு இல்லை. அதன் பிறகு நிலைமை மாறியிருந்தாலும், தம் வகுப்பில் அப்படி எத்தனை பேர் என்பதை ஒவ்வொரு பள்ளியும் கேட்டு எழுதிக்கொள்ளாமல் வீட்டுப்பாடத்தைத் திரைக்கு மாற்றக் கூடாது. வீட்டில் கைபேசி இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் போதாது. மாலையில் அது யார் கையில் இருக்கும் என்பதையும் கேட்க வேண்டும். பள்ளிகள் மூடப்பட்டிருந்த காலத்தில் போட்ஸ்வானாவில் எளிய கைபேசிகளை வைத்து நடத்திய ஆய்வில், வாரம் ஒருமுறை குறுஞ்செய்தியாகக் கணக்கு அனுப்பியது மட்டும் பயன் தரவில்லை. குறுஞ்செய்தியோடு ஒருவர் 20 நிமிடம் அழைத்துப் பேசியது பயன் தந்தது. இங்கேயும் ஒரு மனிதரின் 20 நிமிடம்.

தொழில்நுட்பப் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒரு காணொளிக்கு நொடிக்கு 2 மெகாபிட் என்று வைத்தாலும், 30 பேர் ஒரே நேரத்தில் பார்க்க 60 மெகாபிட் வேண்டும். அது இல்லாத பள்ளியில் பாடங்களைப் பள்ளிக்குள்ளேயே இருக்கும் கணினி ஒன்றில் முன்கூட்டியே இறக்கி வைப்பதுதான் வழி. பழுதுபார்ப்புக்கும் நான்கைந்து ஆண்டுகளில் மாற்றுவதற்கும் பணம் ஒதுக்காத வரவு செலவுத் திட்டம் அரைகுறையானது. பார்வை, செவித்திறன் குறைபாடுள்ள மாணவர்கள் பயன்படுத்த முடியாத மென்பொருளை வாங்கவே கூடாது. மாணவர் தரவு விஷயத்தில் மெத்தனம் ஆகாது: 49 நாடுகளில் பயன்பட்ட 164 கல்வித் தொழில்நுட்பச் சேவைகளை ஆராய்ந்த ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பு, அவற்றில் 89 விழுக்காடு குழந்தைகளின் உரிமைகளுக்கு ஊறு விளைவிக்கக் கூடிய வகையில் தரவுகளைக் கையாண்டதாக 2022இல் அறிவித்தது. இலவசமாகத் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டால், ஒப்பந்தத்தை இருமுறை படிப்பது நல்லது.

இப்போதெல்லாம் கூட்டத்துக்குப் போகும்போது வெற்றுக் கால அட்டவணைத் தாள் ஒன்றை எடுத்துச் செல்கிறேன். சென்ற முறை அதை மேசையில் விரித்து, 36 பேர் கொண்ட ஒரு வகுப்பை வைத்து நிரப்பச் சொன்னேன். பன்னிரண்டு பேர் திரையில், பன்னிரண்டு பேர் நோட்டில், பன்னிரண்டு பேர் ஆசிரியரைச் சுற்றி. பிறகு இடம் மாறுவார்கள். எழுதி முடித்தபோது, அந்த வகுப்புக்குக் கேட்டிருந்த 36 கைக்கணினிகள் 12 ஆகக் குறைந்திருந்தன. மாணவர் விடைகளைப் பார்த்து, மறுநாள் யாரைத் தன் அருகில் அழைப்பது என்று ஆசிரியர் முடிவு செய்வதற்கான நேரத்தை எங்கே வைப்பது என்று கேட்டேன். தாளை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்கள். அதற்குக் கட்டம் இல்லை. ஒப்பந்தப்புள்ளி கோருவதை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்தார்கள்.