நாட்டுக்கோழிக்கு நோயே வராதுன்னு யார் சொன்னது?

மாசி, பங்குனி பொறந்துட்டா போதும். சேலத்துல அம்மாபேட்டை, குகை, கிச்சிப்பாளையம்னு எந்தச் சந்துக்குள்ள போனாலும் ஒரே புலம்பல். "நேத்து சாயங்காலம் வரைக்கும் நல்லாத்தான் மேஞ்சுச்சு, விடிஞ்சு பார்த்தா அஞ்சும் செத்துக் கெடக்கு, எவனோ விஷம் வெச்சுட்டான்." உடனே பக்கத்து வீட்டோட சண்டை.

விஷமெல்லாம் யாரும் வைக்கல. செத்த கோழி ரெண்டு நாளா பச்சையும் வெள்ளையுமா கழிஞ்சுதா இல்லையா? இறக்கையைத் தொங்கப்போட்டு மூலையில நின்னுச்சா? வாயைத் தொறந்து தொறந்து மூச்சு வாங்குச்சா? கழுத்து முறுக்கிக்கிட்டுப் போச்சா? அது வெள்ளைக்கழிச்சல். ராணிக்கெட் நோய்னு சொல்றதும் அதைத்தான். வராம தடுக்க மருந்து இருக்கு. போடாம விட்டது கோழியை வெச்சிருந்தவங்க.

கேட்டா ஒரு பதில் தயாரா இருக்கும்: "நாட்டுக்கோழிக்கு எதுக்குங்க ஊசி? அதுக்கு இயற்கையாவே எதிர்ப்பு சக்தி இருக்கு." இந்த ஊர்ல கீரியும் நாயும் புடிச்ச கோழியை விட இந்தப் பேச்சு கொன்ன கோழிதான் ஜாஸ்தி! வெயில் தாங்கும், தானா மேஞ்சு வயித்தை ரொப்பிக்கும், அடை உக்காரும், எல்லாம் சரி. வைரஸ் வந்து, நாட்டுக்கோழியில நீ சிறுவிடை ரகமா பெருவிடை ரகமான்னு கேட்டுட்டா தாக்குது?

குஞ்சு பொரிச்ச ஏழாம் நாள் கண்ணுல ஒரு சொட்டு லசோட்டா, வெள்ளைக்கழிச்சலுக்கான தடுப்பு மருந்து அது. நாலாவது வாரம் மறுபடியும் அதே. எட்டு வாரம் ஆனதும் தோலுக்கடியில அரை மில்லி ஊசி. நடுவுல அம்மைக்கு ஒண்ணு, இறக்கைச் சவ்வுல குத்துறது. வளந்த கோழிக்கு அடுத்தது எப்பன்னு கால்நடை மருத்துவரைக் கேட்டா சொல்லிடுவாங்க. இவ்வளவுதான் வேலை. வருசா வருசம் பிப்ரவரி வாக்குல கால்நடை பராமரிப்புத் துறையே இதே கோழிக்கழிச்சலுக்கு இலவசமா தடுப்பூசி முகாம் போடுது. கோழியைக் கூடையில போட்டுத் தூக்கிட்டுப் போறதுக்கு அவ்வளவு அலுப்பா?

போடுறேன்னு கிளம்புறவங்களும் பாதிப் பேர் கெடுத்துத்தான் போடுறாங்க. அது உயிருள்ள வைரஸை உறைய வெச்சு உலர்த்துன மருந்து. ரெண்டுலேர்ந்து எட்டு டிகிரி செல்சியஸுக்குள்ள இருந்தாத்தான் வேலை செய்யும். அதைச் சட்டைப் பாக்கெட்ல போட்டுக்கிட்டு, உச்சி வெயில்ல பழைய பஸ் ஸ்டாண்டுல இருந்து வண்டியில வந்தா, வீட்டுக்கு வந்து சேர்றது வெறும் தண்ணிதான். பிளாஸ்க்ல ஐஸ் போட்டு எடுத்துட்டு வாங்க. கலக்கிட்டா ரெண்டு மணி நேரத்துக்குள்ள முடிச்சிடணும், மிச்சத்தை நாளைக்குன்னு ஃப்ரிட்ஜ்ல வைக்கக் கூடாது. குடிதண்ணியில கலந்து குடுக்குறவங்க குழாய்த் தண்ணியைப் புடிச்சு ஊத்துறாங்க. நமக்கு வர்றது குளோரின் போட்ட மேட்டூர் தண்ணி. கிருமியைக் கொல்லத்தானே குளோரின், மருந்துல இருக்குற வைரஸை மட்டும் விட்டுவெக்குமா? ஆழ்குழாய்த் தண்ணி எடுங்க, இல்ல லிட்டருக்கு அஞ்சு கிராம் கொழுப்பு நீக்கின பால்பவுடரைக் கலந்துட்டு அப்புறம் மருந்தைச் சேருங்க.

குப்பி நூறு டோஸ், வீட்டுல இருக்குறது ஆறு கோழி, வீணாப் போகுதேங்கறது நியாயமான வருத்தம். அதுக்குத்தான் தெருவுல கோழி வெச்சிருக்குற பத்து வீடும் ஒரே நாள்ல சேர்ந்து போடணும். ஒரு வீடு போட்டு ஒன்பது வீடு போடாம விட்டா, அடுத்த வருசமும் நோய் அந்தத் தெருவைச் சுத்திக்கிட்டேதான் இருக்கும்.

இதுல இன்னொரு கூத்து. கொங்கணாபுரம் சனிச்சந்தையில ஆசைப்பட்டு ஒரு சேவலை வாங்கிட்டு வந்து, அன்னைக்கு ராத்திரியே மத்த கோழிகளோட அடைச்சிடுறது. புதுசா வந்ததை மூணு வாரம் தனியா, வேற தட்டு, வேற தண்ணியோட கட்டி வைக்கணும். கழிய ஆரம்பிச்ச பிறகு மெடிக்கல்ல மாத்திரை வாங்கி அரைச்சு ஊத்துறதுல பிரயோஜனமே இல்ல. வைரஸுக்கு ஆன்டிபயாடிக் கேக்காது.

தெருவுல பிங்க்கும் பச்சையுமா சாயம் அடிச்சு விக்கிறாங்களே குஞ்சு, அதைப் பார்த்தா வயிறு எரியுது. நாமக்கல் பக்கத்து முட்டைக்கோழிப் பண்ணைக்குத் தேவைப்படாத சேவல் குஞ்சுங்க அதுங்க. புள்ளைங்க அழுவுதுன்னு நாலு வாங்கி, அட்டைப்பெட்டியில போட்டு, மேல ஒன்பது வாட் எல்.இ.டி. பல்பைத் தொங்க விடுறாங்க. எல்.இ.டி.யில வெளிச்சம் வரும், சூடு எங்கேர்ந்து வரும்? முதல் வாரம் 95 டிகிரி ஃபாரன்ஹீட் வேணும், அப்புறம் வாரத்துக்கு அஞ்சு டிகிரி குறைக்கணும். பழைய குண்டு பல்பு அறுபதோ நூறோ தேடி வாங்குங்க. உயரம் சரியான்னு குஞ்சே காட்டிக் குடுத்துடும். பல்புக்கு நேர் கீழ ஒண்ணுமேல ஒண்ணு ஏறி அப்பிக்கிட்டா சூடு பத்தல, கீழ மாட்டினது மூச்சுமுட்டிச் சாகும். ஓரத்துக்குப் போய் வாயைப் பொளந்தா சூடு ஜாஸ்தி. பரவலா படுத்திருந்தா சரி.

அடுத்தது நாத்தம். சுவரும் சுவரும் ஒட்டுன வீடுங்க, பக்கத்து வீட்டுல திட்டத்தான் செய்வாங்க. சுத்தம்ங்கற பேர்ல தினம் ரெண்டு பக்கெட் தண்ணி ஊத்தி சிமெண்ட் தரையைக் கழுவுறதுதான் நாத்தத்துக்கே காரணம். எச்சம் ஈரமா கெடந்தா அமோனியா கிளம்பும், கண் எரியும், ஈ மொய்க்கும், குஞ்சுக்கு ரத்தக்கழிச்சலும் வரும். தரையில நாலு அங்குலத்துக்கு நெல் உமியோ தென்னை நார்க்கழிவோ போட்டு, ரெண்டு நாளைக்கு ஒருக்கா கிளறி விடுங்க. ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கிப் புடிச்சு விரலை விரிங்க. உருண்டையா அப்படியே நின்னா ஈரம் ஏறிடுச்சு, பொலபொலன்னு உதிர்ந்தா சரியான பதம். முக்கால்வாசி ஈரம் தண்ணிச் சட்டியைச் சுத்தித்தான் இருக்கும். அந்த இடத்தை மட்டும் அள்ளிட்டு புது உமி போட்டு, சட்டியை ரெண்டு செங்கல் மேல தூக்கி வைங்க.

ஏற்காட்டுல இதே தப்பு வேற மாதிரி. குளிருதுன்னு நாலு பக்கமும் தார்ப்பாயால மூடிடுறாங்க, பனி ஈரமும் அமோனியாவும் உள்ளேயே நின்னு கோழிக்குச் சளி புடிக்குது. காத்து அடிக்குற பக்கத்தை மட்டும் கீழ்ப்பாதி மூடினா போதும். கீழ சேலத்துலயோ மொட்டைமாடித் தகரக் கூண்டு. சித்திரை வெயில்ல அது கூண்டா, அடுப்பா? கோழிக்கு வேர்க்காது, மூச்சு வாங்கித்தான் சூட்டை வெளியேத்தணும். தகரத்து மேல தென்னங்கீத்து போடுங்க, தீவனத்தைக் காலையில எட்டுக்குள்ளயும் சாயங்காலம் அஞ்சுக்கு மேலயும் வைங்க.

முட்டைக்குச் சேவல் வேணும்னு இன்னமும் நம்புறாங்க. வேண்டாம். குஞ்சு பொரிக்கத்தான் சேவல் வேணும். பச்சைக் குழந்தை இருக்குற வீட்டுச் சுவரோரம் விடியக்காலம் நாலு மணிக்குக் கூவுற சேவலை வெச்சுக்கிட்டு நியாயம் பேசாதீங்க.

பொறுக்கவே முடியாத ஒண்ணு, செத்த கோழியைப் பாலித்தீன் பையில கட்டி ராத்திரியோட ராத்திரியா திருமணிமுத்தாத்துல வீசுறது. சாகப் போறதை அவசரமா அறுத்துக் கறின்னு விக்கிறவங்களும் இருக்காங்க. மூணடி ஆழத்துக்குக் குழி வெட்டி, சுண்ணாம்பு தூவி மூட அரை மணி நேரம் ஆகுமா? வீசுன பையை விடியறதுக்குள்ள நாய் இழுத்துக் கிழிக்குது, காக்கா குடலைக் கொத்திட்டுப் போய் அடுத்த தெரு ஓட்டு மேல போடுது. அந்த வீட்டுப் பொடக்காணியில அப்பத்தான் பொரிச்ச பத்து குஞ்சு மேஞ்சுக்கிட்டு இருக்கு.