ஐடிஐ என்ன தண்டனையா?

நேற்றிலிருந்து எல்லோரும் பகிரும் அந்தப் பள்ளிப் பாராட்டு விழா வீடியோவை நானும் பார்த்தேன். பேசாமல் கடந்துபோய்விடலாம் என்றுதான் நினைத்தேன், மனசு கேட்கவில்லை. பிளஸ் டூ பிள்ளைகளைப் பார்த்து, "ஒழுங்காப் படிக்கலேன்னா ஐடிஐதான்" என்கிறார் சிறப்பு விருந்தினர். அரங்கமே சிரிக்கிறது. அவரே தொழிற்சாலை நடத்துபவர். அங்கே மெஷினைக் கழற்றி மாட்டுகிறவர்கள் எங்கே படித்தார்கள் என்று அவருக்குத் தெரியாதா?

ஐடிஐ தண்டனை இல்லை. அது படிப்பு.

நான் ஃபிட்டர், மெஷின் பாகங்களை ராவிப் பொருத்துகிறவன். கோவையில், அச்சும் கருவிகளும் செய்கிற டூல் ரூமில் வேலை. ஐடிஐயில் முதல் வருடம் வைஸ் என்ற பிடிப்பானில் இரும்புத் துண்டை இறுக்கி அரத்தால் ராவிக்கொண்டே இருப்போம். ராவிய பக்கத்தில் ட்ரை ஸ்கொயர் என்ற மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடிக்க வேண்டும். இடுக்கில் மயிரிழை வெளிச்சம் தெரிந்தாலும் மாஸ்டர் திருப்பிக் கொடுத்துவிடுவார். வெர்னியர் அளவுகோலில் 0.02 மில்லிமீட்டர் வரை அளக்கவும், டிராயிங் பார்த்து வேலையைப் புரிந்துகொள்ளவும் அங்கேதான் கற்றேன். இதெல்லாம் படிப்பு வராதவன் செய்கிற காரியமா?

எங்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில் தம்பி பெயருக்குப் பின்னால் பி.இ. என்று அச்சடித்தார்கள். என் பெயருக்குப் பின்னால் ஐடிஐ என்று போடச் சொன்னேன். "அதெல்லாம் வேண்டாம்ப்பா, சும்மா பேர் மட்டும் இருக்கட்டும்" என்றார் மாமா. கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, என் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்தார். அதுதான் இன்றுவரை வலிக்கிறது.

இப்படி எழுதினால் "குலக்கல்விக்கு வக்காலத்தா?" என்று ஒருவர் வருவார். குலக்கல்வி, அப்பன் தொழிலையே பிள்ளை பழகட்டும் என்று 1953-ல் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே அதை விரட்டினோம், சரியாகத்தான் செய்தோம். என் அப்பா காட்டு வேலைக்குப் போனவர். லேத்தை அவர் தொட்டதே இல்லை. அப்பன் தொழிலிலிருந்து என்னை வெளியே கொண்டுவந்ததே ஐடிஐதான். தமிழ்நாட்டில் கல்லூரி வயதுப் பிள்ளைகளில் உயர்கல்வி சேர்க்கை 47 சதவீதம், நாட்டிலேயே முன்வரிசை. அதில் எனக்கும் பெருமைதான். யாரையும் கல்லூரிக்குப் போகாதே என்று நான் சொல்லவில்லை. மற்றவர்களைக் கேவலப்படுத்தாதீர்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

ஐடிஐ முடித்தால் அதோடு கதை முடிந்தது என்பதும் பொய். பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டு சேரலாம், அங்கிருந்து பி.இ. இரண்டாம் ஆண்டு. 71 அரசு ஐடிஐக்களில் 2,877 கோடி ரூபாய்த் திட்டத்தில் ரோபோவும் கணினியில் ஓடும் சிஎன்சி மெஷினும் வந்திருக்கின்றன. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய், அரசுப் பள்ளியிலிருந்து ஐடிஐக்கு வந்த பிள்ளைகளுக்கும் உண்டு. அரசாங்கமே இதைப் படிப்பு என்று ஒப்புக்கொண்ட பிறகு மேடையில் அந்த விருந்தினர் எதற்கு இளக்காரமாகப் பேசுகிறார்?

"சம்பளம் குறைவாச்சே, யார் வருவாங்க?" என்பீர்கள். இதற்கு என்னால் மறுப்புச் சொல்ல முடியாது. குறைவுதான். ஆனால் அந்தச் சம்பளத்தை முடிவு செய்வது யார்? நாட்டிலேயே அதிகத் தொழிற்சாலைகள் உள்ள மாநிலம் இது. எந்தத் தொழில் கூட்டத்துக்குப் போனாலும் "ஸ்கில்டு ஆள் கிடைக்கலை" என்ற புலம்பல்தான். அப்ரண்டிஸ், அதாவது தொழில் பழகுநர் சட்டம் 1961-லிருந்தே இருக்கிறது, தொழில் கற்றுக்கொடுக்கத்தான் அந்தச் சட்டம். நான் அப்ரண்டிஸாக இருந்த இடத்தில் எங்களுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை, லோடு ஏற்றவைத்தார்கள். வருடம் முடிந்ததும் "போய்ட்டு வாப்பா" என்று அனுப்பிவிட்டு அடுத்த பேட்சை இறக்கினார்கள். கூட இருந்த பையன் ஒருவன் அதோடு ஃபிட்டர் வேலையே வேண்டாம் என்று டெலிவரி வேலைக்குப் போய்விட்டான். எங்கள் பேட்சில் அவன்தான் நன்றாக ராவுவான்.

அந்த அரங்கில் கடைசி வரிசையில் குறைந்த மதிப்பெண் வாங்கிய பிள்ளைகளும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் சிலருக்கு இந்த ஆண்டே ஐடிஐயில் சேரும் எண்ணம் இருந்திருக்கும். பேசியவர் என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டாம். அதே பள்ளிக்குப் போய் அந்தப் பிள்ளைகளிடம் கேட்கட்டும். அப்படியே, தன் ஆலையில் இந்த வருடம் எத்தனை அப்ரண்டிஸ்களை நிரந்தரமாக்கினார் என்பதையும் அவர்கள் முன்னால் சொல்லட்டும்.